இருபதாவது நிமிடம்

கெமி துறைமுகம், சரக்குக் கணக்கு அலுவலகம்,
மூன்றாம் மாடி.
என் பையில் கோணமானி, அளவு நாடா.
வெளியே கடல் உறைந்து கிடக்கிறது.
பிப்ரவரி.

தாவெத்தி நிரப்பிய படிவத்தில் ஒரே வரி:
வலது தோள், இடது கழுத்து, பதினோரு வருடம்.

பாதி வழக்குகளில் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.
திரைக்கு அடியில் முட்டுக்கொடுத்திருப்பார்கள்:
பழைய தொலைபேசிப் புத்தகம்,
மீன்பிடிச் சட்டத் தொகுப்பு,
ஒருமுறை, ஒரு செங்கல், கைக்குட்டையில் சுற்றி.
திரையை உயர்த்த எதையும் செய்வார்கள் மனிதர்கள்,
நாற்காலிக்குக் கீழே இருக்கும் நெம்புகோலைத்
தொட்டுப் பார்ப்பதைத் தவிர.

இவரிடம் அப்படி ஒன்றும் இல்லை.
உட்காருங்கள் என்றேன்.
எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானமாம்.
என் தொழிலில் இடுப்பு.
இடுப்பு பின்னால் போய்ச் சாய்மானத்தைத் தொட வேண்டும்.
முட்டியின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே
மூன்று விரல் நுழைய வேண்டும்.
நுழைந்தது.
பாதம் முழுசாகத் தரையில்.
கம்பளிக் காலுறை, குதிகாலில் ஓட்டை.
இருவரும் பார்க்காதது போல இருந்தோம்.

தோளை இறக்குங்கள்.
"இறக்கித்தான் இருக்கிறேன்."
இன்னும்.
"அட, இவ்வளவு கீழேயா இருக்கிறது என் தோள்!"

முழங்கை விலாவோடு. மணிக்கட்டு நேராக.
இத்தனை நாள் ஒரு சாண் தள்ளித்
தனிக்குடித்தனம் நடத்திய சுட்டெலியை
விசைப்பலகையோடு சேர்த்துவைத்தேன்.
திரை, நீட்டிய கையின் விரல் நுனி படும் தூரத்தில்.
மேல் விளிம்பு கண்மட்டத்தில்;
இல்லை, கொஞ்சம் தாழ்த்தினேன்,
இருபார்வைக் கண்ணாடி போடுகிறவர்.

வேலை செய்யுங்கள், நான் இருப்பதை மறந்துவிடுங்கள்.
தட்டினார்.
பைன் பலகை, நானூற்றுப் பன்னிரண்டு கட்டு.
காகிதச் சுருள், தொண்ணூறு.
பிறகு தலை மெல்ல இடப்பக்கம் போனது.
வலது கை சுட்டெலியில் நங்கூரமிட்டு நிற்க
தோள் மட்டும் எழுந்து
தலையின் பின்னால் போகப் பார்த்தது.

அங்கே ஜன்னல்.
ஜன்னலில் பனியுடைப்புக் கப்பல்,
பின்னால் ஒரு சரக்குக் கப்பல், இடைவெளி விட்டு.
வெள்ளைத் தரை கறுப்பாகப் பிளந்து
மறுபடி மூடிக்கொள்கிறது.
சத்தம் இங்கே வரைக்கும் வராது.

அடிக்கடி பார்ப்பீர்களா?
"பார்ப்பதே இல்லை."
அரை மணி நேரத்தில் நாற்பத்தொரு முறை.
எண்ணிய தாளைக் காட்டினேன்.
அதில் யாராவது தெரிந்தவர்கள்?
"யாருமில்லை. நான் எண்ணிய கட்டுதான் போகிறது.
எண்ணிக்கை சரியாக இருந்ததா என்று ஒரு பார்வை."
இங்கிருந்து பார்த்தால் தெரியுமா?
"தெரியாது."

ஜன்னல் பக்கவாட்டில் இருக்க வேண்டும் என்பது விதி.
எதிரே வைத்தால் பனியின் ஒளி கண்ணைக் குத்தும்.
முதுகுக்குப் பின்னால் என்றால் திரை கண்ணாடியாகிவிடும்.
மேசை விதிப்படிதான் இருக்கிறது.
ஆள்தான் வலிக்கிறார்.

திரைச்சீலையின் கயிற்றைப் பிடித்தேன்.
அவர் எதுவும் சொல்லவில்லை.
தோள் காது வரைக்கும் ஏறியது.
கயிற்றை விட்டேன்.

உட்கார்ந்து எழுதினேன்:
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
நோயாளி எழுந்து ஜன்னலுக்குப் போக வேண்டும்.
தொலைவில் அசையும் ஒரு பொருளை
இருபது நொடி பார்க்க வேண்டும்.
கண்தசைக்கு நல்லது.
பொருள்: பனியுடைப்புக் கப்பல்.
நாளொன்றுக்கு இருபத்து நான்கு வேளை.
கையெழுத்து. முத்திரை.

வாசலில் நின்று சொன்னேன்,
பார்க்க வேண்டுமென்றால் ஆளாகப் போய்ப் பாருங்கள்,
கழுத்தை மட்டும் தூது அனுப்பாதீர்கள்.

அறிக்கையை வீட்டில் முடித்தேன்,
மடிக்கணினி இஸ்திரி மேசையில்,
ஒரு காலை மடித்து உட்கார்ந்து,
கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு.
யாரும் பார்க்கவில்லை.

மார்ச் கடைசியில் மின்னஞ்சல்:

தோள் பரவாயில்லை.
கழுத்து பரவாயில்லை.
மேலாளர் இரண்டு முறை கேட்டார், தாளைக் காட்டினேன்.
மே மாதம் பனி உருகிவிடும்,
கப்பலைத் தெற்கே கொண்டுபோய்விடுவார்கள்.
அதன் பிறகு எதைப் பார்க்க வேண்டும்?
குறிப்பில் இல்லை.